எடிசன் பேனாவும் எண்ணூர்க் கைகளும்

எண்ணூரின் மீனவக் குப்பமான நெட்டுக்குப்பத்தில் பச்சை குத்திய கையைப் பார்த்தே வயதை ஓரளவு சொல்லிவிடலாம். எழுபதைத் தாண்டிய ஆயாக்களின் முன்கையில் கோலம் இருக்கும். புள்ளியும் இழையுமாகப் போட்டது, தோலோடு சேர்ந்து சுருங்கி ஓரம் கலங்கியிருக்கும். அறுபதை ஒட்டிய ஆண்களுக்கு வேல், இரட்டை இலை, உதயசூரியன். நாற்பதைத் தாண்டியவர்களில் பலருக்கு வெறுங்கைதான். பச்சை என்றால் பட்டிக்காடு, இல்லாவிட்டால் ரவுடி என்று கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகளின் கையிலோ மறுபடி இடம் போதவில்லை. சிங்க முகம், நங்கூரம், குழந்தையின் பாதம், பைக் விபத்தில் போன நண்பனின் பிறந்த தேதி, கழுத்தோரம் ஓர் ஆங்கில வாசகம். ஆயா குத்தியது பச்சை, பேரன் போட்டது டாட்டூ. நடுவில் ஒரு தலைமுறை கையை மூடிக்கொண்டு நின்றது. பேரனின் தோளுக்கு அந்தச் சிங்கத்தைக் கொண்டுவந்தது கைக்குள் அடங்கும் ஒரு மெஷின். அது பிறந்த கதை கொஞ்சம் சுற்றுவழிக் கதை.

மெஷினுக்கு முன்னால் பச்சை குத்தியவள் குறத்தி. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் பச்சை குத்துவதைப் பற்றி 1898-ல் தனியாகவே ஒரு குறிப்பு எழுதினார். 1909-ல் வந்த அவருடைய ஏழு தொகுதி நூலிலும் அந்த விவரங்கள் உண்டு. மை தயாரிக்கும் விதத்தைச் சமையல் குறிப்புபோல எழுதி வைத்திருக்கிறார் மனிதர். அகத்தி இலையையும் மஞ்சள்தூளையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் தடவி, திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிக்க வேண்டும். மேலே புது மண்சட்டியைக் கவிழ்த்தால் உள்பக்கம் கரி படியும். அதைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை ஆயிற்று. சில ஊசிகளை நூலால் சேர்த்துக் கட்டினால் கருவி. ஒரு புள்ளிக்குக் காலணா, முன்கை நிறைந்த கோலத்துக்குப் பன்னிரண்டு அணா வரை. உள்ளூர்ப் பக்கம் கூலி அரிசியாகவும் போகும். வலி மறக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே குத்துவார்கள்.

இந்த முறையில் பாதி சுத்தம் இருக்கிறது. நெருப்பில் பிறந்த கரியில் கிருமி இருக்காது, சட்டியும் புதுசு. மீதிப் பாதியில் எல்லாம் கெட்டுவிடும். தண்ணீர் எந்தக் கிணற்றுத் தண்ணீரோ, ஊசிக்கட்டு நேற்று யார் கையில் இறங்கியதோ. பாட்டனார் காலத்தில் எல்லாமே சுத்தம் என்று சொல்கிறவர்கள் இந்த ஊசிக்கட்டை மறந்துவிடுகிறார்கள்.

கரி கறுப்பு, கையில் மட்டும் ஏன் பச்சையாகத் தெரிகிறது? தோலின் மேல்அடுக்கு உதிர்ந்து உதிர்ந்து புதிதாகிக்கொண்டே இருக்கும். அங்கே மை போட்டால் சில வாரங்களில் போய்விடும். ஊசி அதையும் தாண்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ளடுக்குக்குப் போகிறது. வெளிச்சத்தில் உள்ள சிவப்பு அந்த ஆழம் வரை இறங்கிக் கரியில் மாட்டிக்கொள்ளும். நீலம் அவ்வளவு தூரம் போகாமல் வழியிலேயே சிதறித் திரும்பி வரும். நம் நிறத் தோலின் வழியாக அதைப் பார்க்கும்போது நீலமும் பச்சையும் கலந்து தெரிகிறது. அது அழியாமல் இருப்பதற்கும் காரணம் உண்டு. அந்நியப் பொருள் வந்துவிட்டது என்று நம் உடலின் காவல் செல்கள் ஓடி வந்து கரியை விழுங்குகின்றன. விழுங்கிச் செரிக்க முடியாமல் அங்கேயே கிடக்கின்றன. ஒன்று செத்தால் அது விட்ட கரியை அடுத்தது விழுங்குகிறது. 2018-ல் பிரான்சின் மார்சேய் நகர ஆய்வாளர்கள் எலிகளிடம் இதைப் பார்த்தார்கள். ஆயாவின் கோலம் ஐம்பது அறுபது வருஷமாக இப்படித்தான் கைமாறிக் கைமாறி நிற்கிறது.

பச்சை கெட்ட பெயர் வாங்கியதில் சர்க்காருக்கும் பங்கு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி 1797-ல் வங்காளத்தில் ஆயுள் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்த ஆணையிட்டது. பிறகு சென்னை மாகாணத்திலும் அந்த வழக்கம் வந்தது. 1849-ல்தான் கைவிட்டார்கள். அரை நூற்றாண்டு போதும், உடம்பில் எழுத்து என்றால் திருடன் என்று ஊர் பழகிக்கொள்ள. சினிமா அடியாட்களுக்குக் கையில் தேளும் மண்டையோடும் வரைந்துவிட்டது அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான்.

இனி மெஷின். அமெரிக்காவில் தாமஸ் ஆல்வா எடிசனுக்கு 1870-களில் இருந்த கவலை அலுவலகக் கவலை. ஒரு கடிதத்துக்கு நூறு நகல் எடுக்க வேண்டுமானால் குமாஸ்தா நூறு தடவை எழுத வேண்டும். அவர் ஒரு பேனா செய்தார். உச்சியில் சின்ன மோட்டார், கீழே ஊசி, பக்கத்தில் திரவ பேட்டரி. எழுத எழுத ஊசி நொடிக்கு ஐம்பது தடவை என்ற கணக்கில் மேலும் கீழும் போய்க் காகிதத்தில் ஓட்டை போட்டுக்கொண்டே போகும். ஓட்டை விழுந்த தாளை வெள்ளைத் தாளின் மேல் வைத்து மை உருளையை உருட்டினால் நகல். 1876 ஆகஸ்ட் 8-ல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. பேட்டரியின் தொல்லை தாங்காமல் பேனா சீக்கிரமே சந்தையை விட்டுப் போனது. ஓட்டைத் தாளில் மை உருட்டும் யோசனை மட்டும் பிழைத்து, மிமியோகிராஃப் ஆகி, நம் ஊருக்கு வந்தபோது சைக்ளோஸ்டைல் ஆனது. வடசென்னைத் தொழிற்சங்கங்கள் ஆலை வாசல் கூட்டத்துக்கு ராத்திரியோடு ராத்திரியாக உருட்டிய நோட்டீசும், இன்று எண்ணூர்ப் பையன் தோளில் இருக்கும் சிங்கமும் ஒரே பேனாவின் வாரிசுகள். இந்த உறவை இரண்டு தரப்புமே ஒப்புக்கொள்ளுமா என்று தெரியவில்லை.

பேனாவைத் தோலுக்குத் திருப்பியவர் சாமுவேல் ஓ'ரைலி. நியூயார்க்கின் பவரி பகுதியில் மாலுமிகளுக்குப் பச்சை குத்திக்கொண்டிருந்தவர். எடிசன் பேனாவை ஒட்டி, மை போகும் குழாயோடு ஒரு மெஷின் வடிவமைத்து 1891 டிசம்பர் 8-ல் காப்புரிமை வாங்கினார். அதே கடைத் தெருவில் பின்னால் வந்த சார்லி வாக்னர் 1904-ல் வாங்கிய காப்புரிமை அடுத்த படி. அதில் மோட்டார் போய் மின்காந்தச் சுருள் வந்தது. அது வேலை செய்கிற விதம் வீட்டு அழைப்பு மணியேதான். மின்சாரம் பாய்ந்தால் சுருள் காந்தமாகி இரும்புப் பட்டையை இழுக்கும். இழுத்தவுடன் தொடர்பு அறும், காந்தம் போகும், ஸ்பிரிங் பட்டையை மேலே தள்ளும், மறுபடி தொடர்பு. மணியில் அந்தப் பட்டை கிண்ணத்தை அடிக்கிறது, இங்கே ஊசியைத் தோலில் இறக்குகிறது. கடைக்குள் கேட்கும் அந்த உர்ர் சத்தம் மணி இல்லாத மணிச் சத்தம்.

எடிசன் உடம்பிலேயே பச்சை இருந்தது என்பது இதில் ஒரு சுவையான துணுக்கு. அவருடைய ஆயுள் காப்பீட்டு ஆவணத்தில், இடது முன்கையில் ஐந்து புள்ளிகள் என்று அடையாளம் குறித்திருக்கிறார்கள். நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று. நம் வீட்டு வாசலில் எந்தப் பெண்ணும் கோலத்துக்கு முதலில் வைக்கிற புள்ளி.

மெஷின் துறைமுகத்தில் வளர்ந்த பிள்ளை. மாலுமிக்குக் கப்பல் நிற்கிற நாட்கள்தான் அவகாசம். கையால் நொடிக்கு இரண்டு மூன்று குத்து குத்தினால் ஒரு நங்கூரத்துக்கே பொழுது போய்விடும். மெஷின் வந்தபின் அரைமணி நேரத்தில் முடித்துவிட்டுக் கப்பலேறலாம். சென்னைத் துறைமுகமும் இந்த ஆசைக்கு வெளியே இல்லை. ராயபுரம், பெரம்பூர்ப் பக்கம் ஆங்கிலோ இந்தியர்கள் நிறைந்திருந்த நகரம் இது. சென்னையில் அந்தச் சமூகத்து ஆண்களின் உடம்பில் கப்பல், நங்கூரம், பர்மியப் பெண் போன்ற உருவங்களைத் தர்ஸ்டன் பார்த்து எழுதியிருக்கிறார். நேர்த்தியானவை பர்மியக் கைகள் குத்தியவை. ரங்கூனுக்கும் சென்னைக்கும் கப்பல் ஓடிய காலம். குறத்தியின் கோலம் ஊருக்குள்ளும் கடலோடியின் நங்கூரம் துறைமுகத்திலும் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாமல் இருந்தன. நெட்டுக்குப்பத்து இளைஞனின் கையில் இப்போது இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

மெஷின் ஊருக்குள் வந்தது திருவிழா வழியாக. மாசி மாதத்தில் கோயில் வாசலில், கடற்கரையில், ஒரு அட்டையில் படங்களை வரிசையாக ஒட்டி, பேட்டரியோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருப்போம். அம்மா பெயர், காதலி பெயர், தேள், ஓம். வரிசையில் பத்துப் பேர் நின்றால் பத்துப் பேருக்கும் அதே ஊசி, அதே மைக்கிண்ணம், துடைக்க ஒரே துணி. நான் சொல்ல வந்தது இங்கேதான் இருக்கிறது. வேகத்தோடு ஆபத்தும் பெருகியது. குறத்தி ஒரு தெருவுக்கு வந்து போனால் ஒரு நாளில் ஓரிரு பெண்கள். மெஷின்காரர் கையில் ஒரே மாலையில் நாற்பது பேரின் ரத்தம் கலக்க முடியும். மெஷின் பிறந்தது 1891-ல். ஆளுக்கொரு புது ஊசி என்ற பழக்கம் பிறக்க அதற்கப்புறம் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அதுவும் நல்ல எண்ணத்தில் பிறக்கவில்லை, பயத்தில் பிறந்தது.

மெஷின் பிறந்த நியூயார்க்கிலேயே 1961-ல் பச்சை குத்தத் தடை போட்டார்கள். காரணம் கல்லீரலைத் தாக்கும் மஞ்சள் காமாலை. தடை 1997 வரை நீடித்தது. தடை இருந்த காலத்திலும் வீட்டு மாடியில், பின்கட்டில் குத்திக்கொண்டுதான் இருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், தடை போட்டபோது அந்தக் காமாலைக்குக் காரணமான வைரசை யாரும் கண்டிருக்கவே இல்லை. ஹெபடைடிஸ் பி-யின் தடயம் பாருக் புளூம்பெர்க் கையில் சிக்கியது 1965-ல். ஹெபடைடிஸ் சி அடையாளம் தெரிந்தது 1989-ல். நடுவில் 1986-ல் நம் சென்னையில் ஒரு சம்பவம். சென்னை மருத்துவக் கல்லூரி நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி-க்குப் போயின. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி தொற்று அங்கே தெரிந்தது. அதுவரை ஆஸ்பத்திரியிலேயே கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்து எல்லோருக்கும் போட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த சில வருஷங்களில் 'ஊசி புச்சா?' என்று நர்சிடம் கேட்க வடசென்னை கற்றுக்கொண்டது. அந்தக் கேள்விதான் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து நடந்து டாட்டூ கடைக்கு வந்து சேர்ந்தது என்று நினைக்கிறேன்.

பயத்தையும் சரியான இடத்தில் வைக்க வேண்டும். பச்சையால் எச்.ஐ.வி பரவியது என்று உறுதியாகச் சொல்லும்படியான நிகழ்வுகள் மிகக் குறைவு. உடம்புக்கு வெளியே அந்த வைரஸ் பலவீனமானது. ஹெபடைடிஸ் பி அப்படிப்பட்டதில்லை. காய்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாள் உயிரோடு இருக்கும். மெஷின் பிடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிய துளி போதும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. இந்தியாவில் குழந்தைகளுக்கு நாடு முழுவதும் அரசு போடத் தொடங்கியது 2011-ல்தான். இன்று முப்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்குச் சின்ன வயதில் அது கிடைத்திருக்காது. சிங்கத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தயாராக இருப்பவர், அதற்கு முன்னால் மூன்று தவணை தடுப்பூசியை முடித்துக்கொள்வதில் என்ன கஷ்டம்?

நல்ல கடையில் நடப்பது இது. ஊசி மூடிய உறையில், காலாவதித் தேதியோடு வரும். உங்கள் கண்முன் பிரிப்பார்கள். மை பெரிய பாட்டிலிலிருந்து விரல்நுனி அளவுக் கிண்ணத்தில் உங்களுக்கென்று ஊற்றப்படும், மிச்சம் குப்பைக்குப் போகும். கையுறை போட்ட கையால் செல்போனை எடுத்தால் கையுறையை மாற்றுவார்கள். மெஷினுக்கும் ஒயருக்கும் பிளாஸ்டிக் உறை. திரும்பப் பயன்படுத்தும் உலோகக் குழாய் இருந்தால் ஆட்டோகிளேவ் வேண்டும். ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும் அந்த அழுத்தப் பாத்திரம், 121 டிகிரி நீராவியில் கால்மணி நேரம். டெட்டாலில் முக்கி எடுப்பதும் கொதிநீரில் போடுவதும் அதற்கு ஈடாகாது. வேலை முடிந்ததும் ஊசி குத்தினாலும் ஓட்டை விழாத டப்பாவுக்குள் போக வேண்டும். வெறும் குப்பையில் போட்டால் அது மறுநாள் காலை தூய்மைப் பணியாளரின் விரலில் ஏறும். இதைப் பலரும் யோசிப்பதில்லை.

கெட்ட கடையை அடையாளம் காண்பது இன்னும் சுலபம், அது பெரும்பாலும் கடையாகவே இருக்காது. நண்பன் வீட்டு மாடி, இணையத்தில் வாங்கிய மலிவு மெஷின். உலகெங்கும் சிறைகளில் கைதிகள் டேப்ரெக்கார்டர் மோட்டாரையும் பால்பாயின்ட் பேனாக் குழலையும் கிட்டார் கம்பியையும் சேர்த்து மெஷின் செய்கிறார்கள். எடிசன் கண்ட பேனா மறுபடி பேனாவாகவே பிறக்கிறது. கடுங்காவலில் ஊசி மட்டும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், வரிசை நீளமாக இருக்கும். ஹெபடைடிஸ் சி பச்சையோடு சேர்த்துப் பேசப்படுவது முக்கியமாக இத்தகைய இடங்களால்தான்.

பச்சை மரியாதை பெற்றதற்குக் கிரிக்கெட்டும் சினிமாவும் காரணம் என்று சொல்வது வழக்கம். விராட் கோலியின் கையைப் பார்த்தபின் எந்த அப்பா மகனைத் திட்ட முடியும்? தமிழ்நாட்டில் அரசியல் அதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிட்டது. எம்.ஜி.ஆர் தொண்டர்களைப் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னார், பல்லாயிரம் பேர் குத்திக்கொண்டார்கள். 2016 பிப்ரவரியில் ஜெயலலிதாவின் பிறந்தநாளை ஒட்டி வேளச்சேரிப் பக்கம் ஒரு கூட்டமே அவர் முகத்தைக் கையில் குத்திக்கொண்டது. வலியில் அலறும் ஒரு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு குத்தும் காட்சி நாடெங்கும் ஓடிக் கண்டனம் எழுந்தது. ஒரு விஷயம் ஊருக்குள் ஏற்கப்படுவது வேறு, அது ஆளின் சம்மதத்தோடு நடப்பது வேறு. பதினெட்டு வயது ஆகட்டும் என்று காத்திருக்கச் சொல்லும் கடைக்காரரை நம் பிள்ளைகள் சலித்துக்கொள்ளலாம், நாம் சலித்துக்கொள்ளக் கூடாது.

இனி நெட்டுக்குப்பத்துக்கே உரிய சிக்கல். புதுப் பச்சை என்பது ஆயிரக்கணக்கான ஓட்டைகள் உள்ள புண். இரண்டு மூன்று வாரம் அது கடலிலோ ஆற்றிலோ முங்கக் கூடாது. கொசஸ்தலையாறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் இருக்கிற ஊர் இது. உப்பும் நன்னீரும் கலந்த வெதுவெதுப்பான நீரில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமி சுகமாக வாழும். 2017-ல் ஒரு மருத்துவ இதழில் வந்த செய்தி: காலில் பச்சை குத்திய ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் நீந்திய 31 வயது ஆள் அந்தக் கிருமியால் இறந்துபோனார். அவருக்கு ஏற்கெனவே குடியால் கெட்ட ஈரல். இந்த இரண்டாவது விவரத்தைக் குப்பத்தில் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

படிக்கிற பையன் மூன்று வாரம் கையை நனைக்காமல் இருந்துவிடுவான். ஆற்றில் இறங்கி இறால் தடவுகிறவர் எப்படி இருப்பார்? விசைப்படகுக்காரருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் உண்டு, அப்போது குத்திக்கொள்ளலாம். ஃபைபர் படகில் போகிறவருக்கு அந்த ஓய்வும் கிடையாது.

"மூணு வாரம் தண்ணில எறங்கக் கூடாதுப்பா."

"அப்ப சோத்துக்கு இன்னாண்ணா பண்றது?"

டாட்டூ கடையில் இப்படி ஒரு பேச்சு நடந்தால் அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. படகில் ஏறாத ஒரு காலமாகப் பார்த்து, நனையாத இடமாகப் பார்த்துப் போடலாம், அவ்வளவுதான். கையுறை பற்றி இந்த ஊருக்குப் பாடம் எடுக்கவும் கூச்சமாக இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வழிந்து ஆற்றில் பரவியபோது, குப்பத்து ஆட்கள் வெறுங்கையால் வாளியில் மொண்டு அள்ளினார்கள். நாடே படத்தில் பார்த்தது. அன்று கையுறை கொடுக்க ஆளில்லாத கைகளைப் பார்த்து, டாட்டூகாரர் கையுறை போட்டிருக்கிறாரா என்று பாருங்கள் என்கிறோம். பார்க்கத்தான் வேண்டும். ஆனாலும் இந்தச் சொல்லுக்கு அவர்கள் சிரித்தால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

வேலை என்ற கணக்கு வேறு இருக்கிறது. ராணுவத்துக்குப் போகும் ஆசை உள்ளவர்கள் முழங்கை உள்புறம் முதல் மணிக்கட்டு வரையான முன்கையின் உள்பக்கத்திலும் புறங்கையிலும் மட்டுமே குத்தியிருக்கலாம், மற்ற இடத்தில் இருந்தால் தேர்வாக மாட்டார்கள். பழங்குடியினருக்கு மட்டும் சலுகை உண்டு. மத்தியக் காவல் படைகளில் சல்யூட் அடிக்காத இடது முன்கையின் உள்பக்கத்திலோ புறங்கையிலோ இருக்கலாம், அதுவும் அந்த உறுப்பில் கால் பாகத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும். கழுத்து வாசகத்தோடு ஆள்சேர்ப்பு முகாமுக்குப் போய்த் திரும்பியவர்கள் பிறகு லேசரைத் தேடுகிறார்கள். போட்ட செலவைப்போலப் பல மடங்கு அதற்கு ஆகும், வலியும் அதிகம், முழுக்கப் போகும் என்றும் இல்லை. ரத்ததானம் செய்கிறவர்கள் பச்சைக்குப் பிறகு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

ஊசி மாறிவிட்டது, மை இன்னும் பாக்கி. அகத்தியும் மஞ்சளும் போய் ரசாயனச் சாயங்கள் வந்துவிட்டன. அவற்றில் பல வண்டிப் பெயின்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் உண்டானவை. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில் ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்கு வரம்பு விதித்தது. பச்சை 7, நீலம் 15:3 என்ற இரண்டு சாயங்களுக்கு மட்டும் ஒரு வருஷம் கூடுதல் அவகாசம் கொடுத்து 2023 ஜனவரியில் அவற்றையும் நிறுத்தியது. இங்கே அப்படி எந்தப் பட்டியலும் இல்லை. 2025 தொடக்கத்தில் கர்நாடக சுகாதார அமைச்சர், மையில் உலோகங்கள் இருப்பது தெரியவந்ததாகவும் ஒழுங்குபடுத்த மத்திய அரசிடம் கேட்கப்போவதாகவும் சொன்னார். அந்த ஒழுங்கு வரும்வரைக்கும் பாட்டிலில் ஒட்டிய லேபிளைப் படிப்பது ஒன்றுதான் வழி. லேபிளே இல்லாவிட்டால் எழுந்து வந்துவிடலாம்.

மெஷின், ஊசி, மை என்று ஒவ்வொன்றாகப் பிறந்தும் திருந்தியும் வந்த கதையில் கடைசியாகப் பிறக்க வேண்டியது குத்துகிறவருக்கான உரிமம். எண்ணூர் நெடுஞ்சாலையில் டீக்கடை போட வேண்டுமானால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். ஆளின் ரத்தத்தைத் தொடும் தொழிலுக்கு மாநகராட்சி வணிக உரிமம் தவிரத் தனித் தேர்வோ, பயிற்சிச் சான்றோ, சோதனையோ நாடு முழுவதற்கும் பொதுவாகக் கட்டாயமாக்கப்படவில்லை. 2024 டிசம்பரில் திருச்சியில் டாட்டூ கடை வைத்துக்கொண்டு நாக்கைப் பிளக்கும் வேலையும் செய்த ஒருவரைக் கைதுசெய்து கடைக்கு சீல் வைத்தார்கள். அவர் அதைப் படமெடுத்து இணையத்தில் போட்டதால்தான் அதிகாரிகளுக்கே விஷயம் தெரிந்தது. படமெடுத்துப் போடாத கடைகளுக்குள் யார் போய்ப் பார்ப்பது என்ற கேள்விக்கு இப்போதைக்கு ஒரே பதில், நாற்காலியில் கையை நீட்டி உட்கார்ந்திருக்கும் அந்தப் பையன்தான்.